நிலுவை வராமல் புதிய ஒப்பந்தத்தில் ஒப்பமிடலாமா?

கேள்வி: கொழும்பு கொட்டாஞ்சேனையில் முதியோர் பகல்நேரப் பராமரிப்பு நிலையம் நடத்துகிறேன். அரச நிறுவனம் ஒன்று தலைக்கு இவ்வளவு என்று மாதாமாதம் பணம் தரும். ஐந்து மாதப் பணம் நிலுவை. கேட்டால் ‘நிதி வரவில்லை’ என்கிறார்கள். அது போதாதென்று, வரவுப் பதிவேட்டில் சில நாட்களுக்குக் கையொப்பம் இல்லையாம், போன வருடப் பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தரட்டாம். புதிய ஒப்பந்தத்தையும் அனுப்பி இந்தக் கிழமைக்குள் ஒப்பமிடச் சொல்கிறார்கள். முழுக்கச் சிங்களம். பழைய, புதிய ஒப்பந்தங்களின் பிரதிகளை இணைத்திருக்கிறேன்.

பதில்: இப்போதைக்கு ஒப்பமிடாதீர்கள். கடைசிப் பக்கத்தில், ‘முந்திய ஒப்பந்தங்களின் கீழான சகல கோரிக்கைகளும் தீர்க்கப்பட்டுவிட்டன’ என்று ஒரு வரி இருக்கிறது. அதற்குக் கீழே உங்கள் கையொப்பம் விழுந்தால் ஐந்து மாதப் பணத்தைக் கேட்பது பெரும்பாடாகிவிடும். ‘எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது’ என்பது பிறகு எடுபடுவது கடினம். ஏமாற்றி வாங்கினார்கள் என்று காட்டினாலொழிய, ஒப்பமிட்டவரே பொறுப்பு என்பதுதான் நமது ரோமன்-டச்சுச் சட்டம். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி அரச அலுவலரோடு தமிழிலோ ஆங்கிலத்திலோ கருமமாற்ற உங்களுக்கு உரிமை உண்டு. தமிழ்ப் பிரதி கேட்டு எழுதுங்கள். அவகாசமும் கிடைக்கும்.

சரி, அந்த ‘நிதி’ வாசகம். பழைய ஒப்பந்தத்தில், கொடுப்பனவு ‘நிதி கிடைப்பதற்கு உட்பட்டது’ என்று மட்டும்தான் இருக்கிறது. இனிமேல் சேவை வேண்டாம் என்று நிறுத்த அது இடம்தரலாம். மாதாமாதம் சேவையையும் பெற்று, நீங்கள் அனுப்பும் கட்டணப் பட்டியலையும் வாங்கி வைத்துவிட்டுப் பணம் தராமல் இருக்க அது இடம்தராது என்றே நான் வாதிடுவேன். கட்டணப் பட்டியல் பிரதிகளில் அவர்களுடைய ‘பெற்றுக்கொண்டோம்’ முத்திரை இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். புதிய ஒப்பந்தத்தில் இந்த வாசகத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள்: ‘நிதி இல்லாதவிடத்து நிறுவனம் எழுத்தில் அறிவிக்க வேண்டும், அந்த அறிவித்தல் கிடைக்கும் நாள்வரை வழங்கிய சேவைக்கு முழுக் கொடுப்பனவும் உரியது.’

திருப்பிக் கேட்கும் விடயத்தில், கையொப்பம் இருந்தால்தான் பணம் என்று பழைய ஒப்பந்தம் சொல்லவில்லை. பதிவேடு பேண வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. இரண்டும் ஒன்றல்ல. அந்த நாட்களில் முதியோர் வந்ததை மதியச் சாப்பாட்டுப் பட்டியல், வான் ஓட்டக் குறிப்பு, பராமரிப்பாளரின் சத்தியக் கடதாசி ஆகியவற்றாலும் காட்டலாம். நிலுவையில் கழித்துக்கொள்வோம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இல்லாவிட்டால், தொகை சர்ச்சையில் இருக்கும் கடனைத் தானாகக் கழிக்க முடியாது.

வழக்கு என்றால், எழுத்து ஒப்பந்தத்துக்கு 6 வருடம் இருக்கிறது. அரசுக்கு எதிரானால் பிரதிவாதி சட்டமா அதிபர். குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 461ஆம் பிரிவுப்படி ஒரு மாத முன்னறிவித்தல் வேண்டும். தனிச் சட்டத்தால் அமைந்த நியதிச்சபையானால் அதன் சொந்தச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். பிணக்கை நீதிமன்றத்துக்கு வெளியே நடுத்தீர்ப்பாளரிடம் விட வேண்டும் என்ற நடுத்தீர்ப்பு வாசகம் ஒப்பந்தத்தில் இருந்தால், மறுதரப்பு ஆட்சேபித்தால் புதுக்கடை மாவட்ட நீதிமன்றம் வழக்கை விசாரிக்காது. ஒப்பமிட மறுத்ததற்காகப் பாரபட்சமாக உங்களை விலக்கினால் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போடலாம். அதற்கு ஒரே ஒரு மாதம்தான். அதில் நீங்கள் தாமதிக்கக் கூடாது.

எவ்வளவு ஒதுக்கப்பட்டது, யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ‘நிதி வரவில்லை’ என்ற கதை அநேகமாக அங்கேதான் தடுமாறும். கணிசமான அரச நிதியில் பொதுச் சேவை செய்யும் தொண்டு நிறுவனத்திடமும் அதே சட்டத்தில் தகவல் கேட்கலாம். ஆகவே உங்கள் கணக்கும் ஒழுங்காக இருக்கட்டும்.

அப்புறம், அரசு தரவில்லை என்பதற்காகப் பணியாளரின் சேமலாப நிதியை நிறுத்தாதீர்கள். உங்கள் 12 சதவீதம், அவர்களிடம் பிடித்த 8, நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3. தொழில் திணைக்களம் இந்தச் சாக்கை ஏற்காது. மேலதிகக் கட்டணமும் சேரும்.

கடைசிப் பக்க வரியை நீக்கினால், அல்லது நிலுவைத் தொகையையும் கொடுக்கும் திகதியையும் அங்கே எழுதித் தந்தால், தமிழ்ப் பிரதியை வாசித்துவிட்டு ஒப்பமிடலாம்.