குரோமோசோம் கைமாறும் இடம்: கேள்வி பதில்

பயிர்களில் மரபணு மறுசேர்க்கையை, அதாவது தாய், தந்தையிடமிருந்து வந்த குரோமோசோம்கள் தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்வதை, டி.என்.ஏ. வரிசைப்படுத்தி ஆராய்வது பற்றிக் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் பதில்களும் இவை.

கேள்வி: மறுசேர்க்கை நடந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

பெற்றோர் இருவரின் டி.என்.ஏ. எந்தெந்த எழுத்தில் வேறுபடுகிறது என்ற பட்டியல் முதலில் வேண்டும். பிறகு வழித்தோன்றல்களைப் படிக்கிறோம். குரோமோசோமின் முனையிலிருந்து தாயின் எழுத்துகளாகவே வந்துகொண்டிருக்கும். ஓரிடத்தில் தந்தையின் எழுத்துகள் தொடங்கும். குறுக்கே கலத்தல், அதாவது துண்டு கைமாறியது, அங்கேதான். 2009-இல் 93-11, நிப்பான்பாரே என்ற இரு நெல் ரகங்களைக் கலந்து பெற்ற 150 கால்வழிகளில் இதைச் செய்தார்கள். ஒவ்வொன்றையும் 0.02 மடங்கு ஆழத்துக்கு மட்டுமே, அதாவது மொத்த டி.என்.ஏ.வில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கை மட்டுமே படித்து, மாறிய இடத்தைச் சராசரியாக 40,000 எழுத்துகளுக்குள் அடக்கிவிட்டார்கள். தனி எழுத்தை நம்பாமல் அடுத்தடுத்த பல எழுத்துகளைச் சேர்த்துப் பார்த்ததால்தான் இது முடிந்தது. நீங்களும் தனி எழுத்தை நம்பாதீர்கள்.

கேள்வி: என் இரண்டாம் தலைமுறை நெற்செடி ஒன்றில், ஒரே குரோமோசோமில் 14 குறுக்கே கலத்தல்கள் தெரிகின்றன. புதிய கண்டுபிடிப்பா, ஐயா?

இல்லை, தம்பி. ஒரு குன்றல் பகுப்பில் (மகரந்தமும் சூல்முட்டையும் உருவாக வழிசெய்யும் செல் பிரிவில்) ஒரு குரோமோசோம் இணைக்குப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வரைதான். ஆழம் குறைவாகப் படித்தால், இரு பெற்றோரின் எழுத்தும் இருக்கும் இடத்தில் ஒருவருடையது மட்டும் கண்ணில் படும். அடுத்த இடத்தில் மற்றவருடையது. பெற்றோருக்கு ஒரு நிறம் வீதம் தீட்டிய படத்தில் சிவப்பு, நீலம், சிவப்பு என்று வரிவரியாக வந்தால் அது மறுசேர்க்கை அல்ல, தரவின் பற்றாக்குறை.

கேள்வி: எந்த இயந்திரம் வாங்கலாம்?

என் துறை அல்ல. ஆய்வகம் நடத்துபவரைக் கேளுங்கள்.

கேள்வி: விவசாயிக்கு இதனால் என்ன பயன்?

ஒடிசாவின் எஃப்.ஆர்.13ஏ நெல் ஏறத்தாழ இரண்டு வாரம் நீரில் மூழ்கினாலும் பிழைக்கும், விளைச்சல் குறைவு. பிழைப்பதற்குக் காரணமான சப்1 என்ற மரபணுப் பகுதி ஒன்பதாம் குரோமோசோமில் இருக்கிறது. அதைச் சுவர்ணா என்ற நல்ல விளைச்சல் தரும் நெல் ரகத்துக்குக் கொண்டுவரும்போது அக்கம்பக்கத்துப் பழைய துண்டும் ஒட்டிக்கொண்டு வரும். அதைக் கழிக்க, சப்1-இன் இரு பக்கமும் மிக நெருக்கமாகக் குறுக்கே கலத்தல் நடந்த செடி வேண்டும். அது அபூர்வம். சுவர்ணாவோடு மீண்டும் மீண்டும் கலந்து பெற்ற பிற்கலப்பு நாற்றுகளை ஒவ்வொரு தலைமுறையிலும் டி.என்.ஏ. அடையாளக் குறியீடுகளால் சலித்துத்தான் பிடித்தார்கள். 2009-இல் இந்தியாவில் சுவர்ணா சப்1 வெளியானது. நம் டெல்டாவுக்கு வந்த சி.ஆர்.1009 சப்1-உம் இந்த வழியில் வந்ததே.

கேள்வி: அப்படியென்றால் அது மரபணு மாற்றப் பயிர்தானே?

இல்லை. மகரந்தச் சேர்க்கையில் பிறந்த நெல். டி.என்.ஏ.வைப் படித்தோம், திருத்தவில்லை.

கேள்வி: ஆய்வகத்துக்குள் போய்விட்டாலே மாற்றம்தான். மறைக்கிறீர்கள்.

மறைக்க எதுவுமில்லை. நாற்றின் இலை நுனியில் விரல்நகம் அளவு கிள்ளி அரைத்து டி.என்.ஏ. எடுக்கிறோம். அரைத்த இலை திரும்ப வயலுக்குப் போவதில்லை. நாற்று தொட்டியிலேயே வளர்கிறது. இரத்தப் பரிசோதனை செய்துகொண்டவர் வேறு மனிதர் ஆகிவிடுவதில்லை. உங்கள் சந்தேகத்துக்கு உரிய இடம் வேறு. 2018-இல் வெளியான ஓர் ஆய்வில் நெல், பட்டாணி, தக்காளி மூன்றிலும் குறுக்கே கலத்தலை அடக்கிவைக்கும் ரெக்கியூ4 என்ற மரபணுவைச் செயலிழக்கச் செய்து குறுக்கே கலத்தலை ஏறத்தாழ மூன்று மடங்காக்கினார்கள். அங்கே டி.என்.ஏ.வில் கைவைக்கிறோமா என்று கேளுங்கள், விவாதிப்போம். சப்1 நெல்லை அதில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: மூன்று மடங்கு என்றால் எல்லாப் பயிரிலும் செய்துவிடலாமே?

அவசரப்படாதீர்கள். அந்தக் கூடுதலும் ஏற்கனவே மறுசேர்க்கை நடக்கும் பகுதிகளிலேயே விழுகிறது. பார்லியிலும் கோதுமையிலும் குரோமோசோமின் முனைகளில்தான் கலத்தல் குவிகிறது. நடுவே கிடக்கும் ஏராளமான மரபணுக்கள் கூட்டம் கூட்டமாகவே அடுத்த தலைமுறைக்குப் போகின்றன. உண்மையான சிக்கல் அந்த நடுப்பகுதி. தவிர, பாடுபட்டுச் சேர்த்த நல்ல மரபணுக் கூட்டணியும் கலத்தல் கூடினால் சிதறும்.

கேள்வி: சப்1 மரபணு மாற்றமா?

மேலே இரண்டு முறை சொல்லிவிட்டேன்.

கேள்வி: என் தரவில் ஒரே குரோமோசோமில் 11 குறுக்கே கலத்தல்கள்...

இரண்டாவது பதிலைப் படியுங்கள். அந்த இடங்களை எத்தனை முறை படித்தீர்கள் என்ற கணக்கோடு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.