மண்ணில்லா வேளாண்மை படிக்க விரும்பும் மகளின் தாய்க்கு

மதிப்பிற்குரிய அம்மா,

பள்ளிப்படிப்பை முடிக்கப்போகும் உங்கள் மகள், பசுமைக்குடிலில் மண்ணில்லாமல் காய்கறி வளர்ப்பதைத்தான் படிப்பேன் என்று உறுதியாக நிற்பதையும், “இவ்வளவு படிக்கவைத்தது தண்ணீரில் கீரை வளர்க்கவா?” என்று உறவினர்கள் கேட்பதையும் எழுதியிருந்தீர்கள். இத்துறையில் வேலை உண்டா என்ற உங்கள் கேள்விக்கு, உண்டு என்பதே என் பதில். ஆனால் யாருக்கு உண்டு என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தப் பதில் முழுமையாகும். குழாயையும் விளக்கையும் பொருத்தத் தெரிந்தவர்கள் ஏராளமாக இருக்கிறார்கள், தண்ணீரையும் வேரையும் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு.

இது நேற்று முளைத்த மோகம் அன்று. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் வில்லியம் கெரிக் 1930-களில் ஊட்டக் கரைசலில் தக்காளி வளர்த்துக் காட்டி, இம்முறைக்கு ஹைட்ரோபோனிக்ஸ் என்ற பெயரையும் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அதே பல்கலைக்கழகத்தின் ஹோக்லாந்தும் ஆர்னனும் 1938-இல் வெளியிட்ட கரைசல் சூத்திரம் இன்றைக்கும் ஆய்வகங்களில் பயன்படுகிறது. நெதர்லாந்தின் கண்ணாடிக் குடில்களில் தக்காளி, குடைமிளகாய், வெள்ளரி ஆகியவை பெரும்பாலும் மண்ணைத் தொடாமலேயே விளைகின்றன.

வேலை எப்படிப்பட்டது என்பதை ஒரு காலைப்பொழுதை வைத்துச் சொல்கிறேன், ஏனெனில் உங்கள் மகள் காணொளிகளில் பார்ப்பது அறுவடையை மட்டுமே. குடிலுக்குள் நுழைந்ததும், கரைசலின் அமில-காரத் தன்மையை அளக்கும் பிஎச் மீட்டரை 7 மற்றும் 4 அளவுள்ள திரவங்களில் நனைத்துச் சரிபார்க்க வேண்டும். சரிபார்க்காத மீட்டர் பொய் சொல்லும், அந்தப் பொய்யை நம்பி அமிலம் சேர்ப்பவர் பயிரைக் கெடுப்பார். லெட்யூஸ் கீரைக்குப் பிஎச் 5.5-க்கும் 6.5-க்கும் இடையிலும், கரைசலில் உள்ள உப்புகளின் செறிவை மின்கடத்துதிறனாகக் காட்டும் இசி ஏறத்தாழ 1.2 முதல் 1.8 வரையிலும் (சென்டிமீட்டருக்கு மில்லிசீமன்ஸ்) இருக்க வேண்டும். பின்னர் செடிகளைத் தாங்கிக் கரைசலில் மிதக்கும் மிதவைப் பலகையைத் தூக்கி வேரைப் பார்க்க வேண்டும். நல்ல வேர் பால் வெள்ளையாக இருக்கும், கெட்ட வாடை வராது. பித்தியம் என்ற வேரழுகல் கிருமி தாக்கிய வேரோ பழுப்பேறிக் கொழகொழவென்று இருக்கும். விரலால் இழுத்தால் மேல்தோல் உருவிக்கொண்டு வந்து உள்ளே நூல் போன்ற நரம்பு மட்டும் மிஞ்சும். தண்ணீர் சூடேறிக் கரைந்த ஆக்சிஜன் குறையும் நாட்களில்தான் இது பரவுகிறது. குழாயில் மெல்லிய படலமாகத் தண்ணீர் ஓடும் முறையாக இருந்தால், வெயில் ஏறிய நேரத்தில் பம்பு நின்றுபோனாலே சில மணி நேரத்தில் செடிகள் துவண்டுவிடும். விடுமுறை நாளிலும் யாராவது ஒருவர் அங்கே இருந்தாக வேண்டிய தொழில் இது.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த மாணவர் ஒருவர், கால்சியம் நைட்ரேட்டையும் மெக்னீசியம் சல்பேட்டையும் அடர்நிலையிலேயே ஒரே வாளியில் கலந்துவிட்டு, அடியில் படிந்த வெள்ளை வண்டலைக் கரையாத உரம் என்று எண்ணி வெகுநேரம் கலக்கிக்கொண்டிருந்தார். அது உரமன்று, புதிதாக உருவான ஜிப்சம். அதனால்தான் கால்சியத்தைத் தனித் தொட்டியில் வைத்து, நீர்த்த பிறகே சேர்க்கிறார்கள். பள்ளி வேதியியல் பாடத்தில் வரும் வீழ்படிவுதான் அது என்பதை விளக்கியபோது அவர் முகம் மலர்ந்தது இன்னும் நினைவிருக்கிறது. உங்கள் மகளுக்கு வேதியியல் பிடிக்குமா? அவருடைய மதிப்பெண்களைவிட இந்தக் கேள்விக்கான பதிலைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன்.

மீனையும் செடியையும் ஒரே நீரில் சேர்த்து வளர்க்கும் அக்வாபோனிக்ஸ் மேல் உங்கள் மகளுக்குத் தனி ஈடுபாடு இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அது அழகான முறை, கடினமானதும்கூட. மீன்கள் வெளியேற்றும் அம்மோனியாவை ஒருவகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாகவும், வேறுவகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாகவும் மாற்றித் தர, அதைச் செடிகள் உண்கின்றன. புதிய தொட்டியில் இந்த நுண்ணுயிர்கள் நிலைபெறவே நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும். அதற்குள் அவசரப்பட்டு மீன்களை நிறைப்பவர்கள் அவற்றை இழக்கிறார்கள். நுண்ணுயிர் விரும்பும் பிஎச் ஒன்று, செடி விரும்புவது வேறொன்று என்பதால் 7-ஐ ஒட்டிச் சமரசம் செய்துகொள்ள நேர்கிறது. அங்கே இரும்புச்சத்து செடிக்கு எளிதில் கிட்டாமல் இளந்தளிர்கள் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க மஞ்சளாகும். இலையில் பூச்சி வந்தாலும் மீனை நினைத்துக்கொண்டுதான் மருந்தைத் தேட வேண்டும். வெர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ராக்கோசி பல ஆண்டுகள் திலேப்பியா மீன்களை வைத்து ஆராய்ந்து, மிதவைப் படுகையில் ஒரு சதுர மீட்டர் கீரைக்கு நாளொன்றுக்கு 60 முதல் 100 கிராம் மீன் தீவனம் என்ற கணக்கைத் தந்தார். கற்றுக்கொள்வதற்கு இதைவிடச் சிறந்த களம் இல்லை. பிழைப்புக்கான முதல் படியாக மட்டும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

“இது இயற்கைக்கு நல்லது” என்று மகள் சொல்வதாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். அதில் பாதி உண்மை. அரிசோனாவின் தட்பவெப்பத்தை அடிப்படையாகக் கொண்டு 2015-இல் வெளியான ஆய்வொன்று, குடிலுக்குள் ஹைட்ரோபோனிக் முறையில் வளரும் லெட்யூஸ் வயலில் வளர்வதைவிட ஏறத்தாழ 11 மடங்கு விளைச்சல் தருகிறது, 13 மடங்கு குறைவான நீரையே எடுக்கிறது, ஆனால் 82 மடங்கு அதிக ஆற்றலைச் செலவிடுகிறது என்று கணக்கிட்டது. அந்த ஆற்றலில் பெரும்பகுதி குடிலைச் சூடாக்கவும் குளிர்விக்கவுமே போகிறது. மின்விளக்கை நம்பிய அடுக்குப் பண்ணைகள் பலவற்றை முடக்கியதிலும் மின்கட்டணத்துக்குப் பங்குண்டு. ஏரோஃபார்ம்ஸ் என்ற அமெரிக்க அடுக்குப் பண்ணை நிறுவனமும், ஆப்ஹார்வெஸ்ட் என்ற பெரிய தக்காளிக் குடில் நிறுவனமும் 2023-இல் திவால் பாதுகாப்புக் கோரின. இவற்றைக் காட்டி மகளைத் தடுக்க வேண்டாம். குடிலின் ஆற்றல் செலவைக் குறைக்கத் தெரிந்தவரைத்தான் இத்துறை இப்போது தேடுகிறது. அதே காரணத்தால், உங்கள் சேமிப்பை எடுத்து அவருக்கு உடனே ஒரு குடில் போட்டுத் தராதீர்கள் என்பதையும் அழுத்தமாகச் சொல்கிறேன். முதலில் பிறருடைய பண்ணையில் சில ஆண்டுகள் சம்பளத்துக்கு உழைத்து, பயிர் கெடும் விதங்களையெல்லாம் கண்ணால் பார்க்கட்டும்.

படிப்பைப் பொறுத்தவரை, சில வாரச் சான்றிதழ் வகுப்பை நம்பி இறங்குவதைவிடத் தோட்டக்கலை அல்லது வேளாண்மைப் பட்டப்படிப்பே நல்லது. தாவர உடலியலையும் தாவர நோயியலையும் அதில் ஆழமாகப் படிக்க வேண்டும். உணரிகளிலும் தானியங்கிக் கட்டுப்பாட்டிலும் மனம் சென்றால் வேளாண் பொறியியலையும் எண்ணிப்பார்க்கலாம். பயிர் மேலாளர், நீர் மற்றும் உர மேலாண்மை, நன்மை செய்யும் பூச்சிகளைக் கொண்டு பயிர் காத்தல், விதை நிறுவன ஆய்வு என்று வேலைகள் பிரியும். கல்லூரியைப் பார்க்கப் போகும்போது, மாணவர்கள் விதைப்பு முதல் அறுவடை வரை ஒரு முழுப் பருவம் தாங்களே நடத்தும் குடில் அங்கே உண்டா, விடுமுறையில் அதை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு கல்லூரியைப் பாருங்கள்.

விண்ணப்பிக்கும் முன் ஒன்று செய்யச் சொல்லுங்கள். ஒளி புகாத மூடி போட்ட தொட்டியில் ஊட்டக் கரைசலை நிரப்பி, பம்பு இல்லாமல் நான்கைந்து லெட்யூஸ் செடிகளை வளர்க்கலாம். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் கிராட்கி பரப்பிய எளிய முறை அது. கரைசல் குறையக் குறைய மேல்வேர்கள் காற்றை எடுத்துக்கொள்ளும். நாற்று நட்ட நாளிலிருந்து ஐந்தாறு வாரங்களுக்கு, பிஎச், இசி, நீர்மட்டம், இலையின் நிறம் ஆகியவற்றை நாள்தோறும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் அவரே எழுதட்டும். நீங்கள் நினைவூட்டவே வேண்டாம். அறுவடை முடிந்ததும், செடி வாடியிருந்தாலும் செழித்திருந்தாலும், அந்த நோட்டுப் புத்தகத்துடன் இருவரும் வாருங்கள். எந்தக் கல்லூரி என்பதை அதை வைத்துக்கொண்டு பேசுவோம்.