நிலத்தை விற்க வேண்டாம், அவள் நோட்டைப் பாருங்கள்

போன வாரம் திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு அப்பாவும் அம்மாவும், மகள் அடுத்து என்ன படிக்கலாம் என்று கேட்க, அவளோடு என்னிடம் வந்திருந்தார்கள். இரண்டு முறை நீட் எழுதியும் இங்கே மருத்துவ இடம் கிடைக்கிற அளவுக்கு மதிப்பெண் வரவில்லை. "ஒன்றரை ஏக்கரை வித்துட்டு வெளிநாட்டுல சேர்த்து விடு" என்கிறாராம் பெரியப்பா. "இவ படிப்பு வீணாப் போயிடுமா சார்?" என்று அம்மா கண் கலங்கினார்.

வீணாகாது அம்மா. ஆனால் நிலப் பேச்சை இன்றோடு விடுங்கள். வெளிநாட்டில் படித்துத் திரும்பினாலும் இங்கே டாக்டராக வேலை பார்க்க எஃப்.எம்.ஜி.இ. என்னும் தகுதித் தேர்வில் தேற வேண்டும். எழுதுபவர்களில் பெரும்பாலோர் அதில் தேறுவதில்லை. அப்போது பெரியப்பா பணம் தரப் போவதில்லை.

அதுவரை வாய் திறக்காத பெண், உயிரியல் நோட்டைக் கேட்டதும்தான் பேசினாள். பக்கங்களின் ஓரத்தில் சின்னச் சின்னதாக ரத்தச் சிவப்பணு வரைந்திருந்தாள். கட்டைவிரலால் படபடவென்று புரட்டினால் வட்டமான அணு வளைந்து அரிவாளாகிறது. அரிவாள் செல் நோயில் நடப்பது இதுதான். டி.என்.ஏ.வில் GAG என்பது GTG ஆகிறது, ஒரே ஓர் எழுத்து. அதனால் புரதத்தில் குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வேலின் வந்து உட்காருகிறது என்று படபடவென விளக்கினாள்.

நர்சிங், பயோடெக் எல்லாம் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்வது, உயிரியலைத் தொட்டுப் பார்த்துப் புரிந்துகொள்ளும் காட்சிகளாக்கும் வேலை. நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இந்த அரிவாள் செல் நோய் இருக்கிறது. பெற்றோர் இருவரும் தங்களுக்கு நோயில்லாமல் அந்த மாறிய மரபணுவை மட்டும் சுமப்பவர்கள் என்றால் பிள்ளைக்கு நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. "மூத்தவனுக்கு வந்துடுச்சு, இனி மூணு பேருக்கு வராது" என்று நினைத்துவிடுகிறவர்கள் உண்டு. போன் திரையில் ஒரு பொத்தான் வைத்து, அழுத்த அழுத்த ஒரு குழந்தை வரும்படி செய்யுங்கள். சில சமயம் அடுத்தடுத்து இரண்டு பேருக்கு நோய் வரும், சில சமயம் ஆறு பேருக்கும் வராது. நாற்பது தடவை அழுத்தியவருக்கு, ஒவ்வொரு பிறப்பும் புதுச் சீட்டுதான் என்பது யாரும் சொல்லாமலே புரியும்.

செலவு? புரத வடிவங்கள் 1971இல் தொடங்கிய புரோட்டீன் டேட்டா பேங்க் என்னும் இணையத் தொகுப்பில் இலவசம். முப்பரிமாணப் படம் செய்ய பிளெண்டர், நிரல் எழுதித் திரையில் காட்சி வரைய பி5.ஜே.எஸ்., இந்த மென்பொருள்களும் இலவசம். பழைய லேப்டாப் ஒன்று போதும். லட்சங்களில் கட்டணம் கேட்கும் அனிமேஷன் பயிற்சி மையங்கள் பக்கம் போகவே வேண்டாம். அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியல் சேரட்டும், கூடவே நிரல் எழுதப் பழகட்டும். பிறகு சீட் (CEED) என்னும் வடிவமைப்பு நுழைவுத் தேர்வில் தேறினால் ஐ.ஐ.டி.களில் எம்.டெஸ்., அதாவது வடிவமைப்பில் முதுநிலைப் படிப்புக்கு முயலலாம்; எந்தப் பட்டம் வேண்டும் என்று அந்தந்த ஐ.ஐ.டி.யில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தொடக்கச் சம்பளம் டாக்டர் அளவுக்கு இருக்காது, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பாடநூல், மருத்துவமனை, அறிவியல் அருங்காட்சியகம், இணையவழிக் கல்வி என்று வேலையைத் தேடிப் போக வேண்டியிருக்கும்.

மூன்றாவது முறை நீட் எழுத அவளுக்கு விருப்பமில்லை. என் எதிரிலேயே சொன்னாள், நீங்களும் கேட்டீர்கள். இரண்டு மாதம் கொடுங்கள். அந்தப் பொத்தானை அவளே செய்து, பக்கத்து வீட்டுப் பத்தாம் வகுப்புப் பையனிடம் கொடுக்கட்டும். அவன் எங்கே முழித்தான் என்று குறித்துக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம்.