கால்குலேட்டரைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

கேள்வி: லண்டனிலிருந்து நியூயார்க் சுமார் 5,500 கிலோமீட்டர். விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் பறக்கிறது. கணக்குப்படி ஆறு மணி நேரம்தான். ஆனால் என் மகனின் டிக்கெட்டில் போக எட்டு மணி நேரம், திரும்பி வர ஏழு மணி நேரம் என்று போட்டிருக்கிறது. ஒரே தூரத்துக்கு இரண்டு கணக்கா? விமானக் கம்பெனிகள் நம் காதில் பூ சுற்றுகின்றனவா?
- வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் வகுத்தல் சரி. காற்றைத்தான் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டீர்கள்.

அந்த 900 என்பது விமானம் காற்றுக்குள் போகும் வேகம். தரைக்கு மேல் அல்ல. வட அட்லாண்டிக்கில், விமானங்கள் பறக்கும் பத்து கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கே ஜெட் காற்றோட்டம் ஓடுகிறது. குளிர்காலத்தில் அது மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டுவது சகஜம். போகும்போது அது முகத்தில் அடிக்கும், வரும்போது முதுகில் தள்ளும். காவிரிக் கரைக்காரருக்கு எதிர்நீச்சலைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா?

2020 பிப்ரவரியில் கியாரா புயல் வீசியபோது, நியூயார்க்கில் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் லண்டனில் இறங்கியது. தரைக்கணக்கில் அதன் உச்ச வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டருக்கு மேல். உடனே சிலர் ‘ஒலியையே முந்திவிட்டது’ என்று குதித்தார்கள். இல்லை ஐயா, காற்றுக்குள் அது வழக்கமான வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. ஒலியை நிஜமாகவே முந்திய கான்கார்ட் விமானம், 1996இல் இதே தூரத்தை மூன்று மணி நேரத்துக்குள் கடந்தது.

அப்புறம், அந்த 5,500 என்பது பூமி உருண்டைமேல் நூலைப் பிடித்து அளந்தால் வரும் குறுகிய தூரம். விமானம் அந்த நூலின் மேலேயே போக வேண்டும் என்று சட்டமில்லை. அட்லாண்டிக்கின் வான்பாதைகளைத் தினமும் இரண்டு முறை, காற்றைப் பார்த்துப் புதிதாக வரைகிறார்கள். கொஞ்சம் சுற்றிப் போனாலும் எதிர்க்காற்றிலிருந்து தப்பினால் நேரமும் மிச்சம், எரிபொருளும் மிச்சம்.

சரி, ஏமாற்று எதுவுமே இல்லையா? கொஞ்சம் உண்டு, ஆனால் நீங்கள் சந்தேகப்பட்ட இடத்தில் இல்லை. டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டுமல்ல. வாயிலிலிருந்து விமானம் நகரத் தொடங்குவது முதல் அந்தப்பக்கம் போய் நிற்பது வரை எல்லாம் சேர்த்தி. லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்தில் ஓடுபாதைக்கு வரிசையில் காத்திருப்பதும் அதில் அடக்கம். அதற்கு மேலும் சில நிமிடங்களைக் கம்பெனிகள் தாராளமாகவே சேர்த்து வைக்கின்றன. தாமதமாகக் கிளம்பியும் ‘குறித்த நேரத்தில் வந்துவிட்டோம்’ என்று மார்தட்டலாம் அல்லவா!

‘காலை பத்துக்குக் கிளம்பி மதியம் ஒன்றுக்கே இறங்குகிறானே’ என்று அடுத்த கடிதம் எழுதிவிடாதீர்கள். இரண்டுமே அந்தந்த ஊர் நேரம். நியூயார்க் ஐந்து மணி நேரம் பின்தங்கியது. மகன் மார்ச்சில் போகிறார் என்றால் கவனம். அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறன்றே கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடும், பிரிட்டன் கடைசி ஞாயிறு வரை காத்திருக்கும். இடைப்பட்ட நாட்களில் வித்தியாசம் நான்கு மணி நேரம்தான்.