தூண்டிலும் கையுமா எங்க போறது? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வீடு மேடவாக்கத்துல இருக்கு. போன மாசம் ஆன்லைன்ல ராடும் ரீலும் வாங்கிட்டேன். ரெண்டு ஞாயித்துக்கிழமை மெரினாவுக்குப் போயி அலைக்குள்ள வீசிப் பாத்தேன், பாசியும் பிளாஸ்டிக் கவரும்தான் வந்துச்சு. படகெல்லாம் வேணாம், கரையில நின்னே பிடிக்கிற மாதிரி பக்கத்துல நல்ல ஸ்பாட் எது? (மேடவாக்கம் வாசகர்)

பதில்: மெரினாவுல ஆரம்பிச்சீங்களா, சரியாப் போச்சு! அங்க கூட்டம், குப்பை, கரையை ஒட்டி இழுப்பு வேற, புதுசா வர்றவங்களுக்கு அது தோதான இடமே இல்ல. உங்க வீட்டுலேர்ந்து பாத்தா முட்டுக்காடுதான் என் முதல் சாய்ஸ். கேளம்பாக்கம் கோவளம் ரோடு காயலைத் தாண்டுற இடமும் நல்லாருக்கும், ரெண்டும் ஒரே தண்ணிதான், கோவளத்துக்கிட்ட முகத்துவாரம் வழியா கடலுக்குப் போகுது. அலை கிடையாது, அதனால ஈயக்குண்டு சின்னதா போட்டாலே போதும், கடிச்சா கையில தெரியும்.

ஆனா ஒண்ணு, கூகுள் மேப்ல முட்டுக்காடுன்னு போட்டுட்டு கிளம்பினா மட்டும் மீன் வராது. நானும் அப்படித்தான் முதல் நாலு வாரம் போனேன். நல்ல நிழலா, பைக் நிறுத்த வசதியா ஒரு இடம் பாத்து உக்காந்துட்டு மீனே இல்லன்னு புலம்பிட்டு வருவேன். என்கிட்டேர்ந்து ஒரு இருபதடி தள்ளி ஒரு பெரியவர், ராடும் இல்ல ஒண்ணும் இல்ல, தண்ணி பாட்டில்ல சுத்துன தூண்டில் நரம்புதான், வரிசையா கிழங்கான் மீனா எடுத்துட்டு இருந்தாரு. அஞ்சாவது வாரம் வெக்கத்தை விட்டு கேட்டேன். "தம்பி, உன் முன்னாடி தண்ணி தூங்குது, என் முன்னாடி ஓடுது, பாரு"ன்னாரு. பாத்தா நிஜமாவே அவரு முன்னாடி ஒரு சின்ன கால்வாய் மாதிரி, தண்ணி நிறம் கொஞ்சம் கருத்து, மேல நுரை வரிசையா நகருது. என் பக்கம் முழங்கால் ஆழம் கூட இருக்காது. அப்புறம் என் தூண்டில் முள்ளை வாங்கிப் பாத்துட்டு சிரிச்சாரு, நான் பாதி இறாலை அப்படியே கோத்திருந்தேன். கிழங்கானுக்கு வாய் சின்னது, இறாலை உரிச்சி சுண்டுவிரல் நகம் அளவுக்கு கிள்ளி முள்ளு முனை மட்டும் தெரியிற மாதிரி கோத்துக் குடுத்தாரு. நரம்பை ஆள்காட்டி விரல் மேல போட்டு வெச்சுக்கோன்னாரு, டொக் டொக்னு ரெண்டு தட்டு தட்டும், அப்ப இழுக்காத, மூணாவது தட்டுல லேசா தூக்குன்னு. அன்னிக்கு எனக்கு மூணு கிழங்கான், ஒரு கீச்சான். சந்தோஷம் தாங்கல!

அதனால முதல் தடவை போறப்ப ராடை வீட்டுலயே வெச்சுட்டு, தண்ணி வத்துற நேரத்துல சும்மா ஒரு நடை நடந்து பாருங்க. எங்க மணல் திட்டு, எங்க பள்ளம், எங்க கல்லு கிடக்குதுன்னு எல்லாம் அப்ப வெளியில தெரியும். செல்ஃபோன்ல போட்டோ எடுத்து வெச்சுக்கங்க. அப்புறம் தண்ணி ஏற ஆரம்பிக்கிற நேரத்துல போயி அந்தப் பள்ளத்தோட ஓரத்துல போடுங்க. ஏறுற தண்ணியோட மீனும் உள்ள வரும். நம்ம சென்னை பக்கம் ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஏறும் ரெண்டு தடவை வத்தும், நேரம் தினமும் சுமார் 50 நிமிஷம் தள்ளிப் போகும், அதனால போன ஞாயிறு காலைல ஆறு மணிக்கு கடிச்சுதுன்னு இந்த ஞாயிறும் ஆறு மணிக்கே போயி நிக்காதீங்க. அமாவாசை பௌர்ணமியை ஒட்டி ஏத்த இறக்கம் ஜாஸ்தி, ஓட்டமும் ஜாஸ்தி. டைட் டேபிள் ஆப் ஏதாவது ஒண்ணு போனுல போட்டுக்கங்க. இன்னொண்ணு, வெயில் காலத்துல முகத்துவாரத்தை மணல் மூடிடுச்சுன்னா காயல்ல இந்த ஏத்த இறக்கமே சரியா இருக்காது, அப்ப கடல் பக்கம் போறதுதான் பெட்டர்.

ஈசிஆர் பாலத்து மேல நின்னு மட்டும் வீசாதீங்க. பின்னாடி பஸ்ஸும் பைக்கும் பறக்குது, நீங்க ராடை பின்னால கொண்டு போனா முள்ளு யாரோட கன்னத்துல மாட்டும்னு சொல்ல முடியாது. கீழ கரையில எறங்கி நில்லுங்க. போட் ஹவுஸ் பக்கமும் வேணாம்.

கடல் பக்கம்னா கோவளம். அங்க 2021ல ப்ளூ ஃப்ளாக் சர்டிபிகேட் வாங்கின பகுதி குளிக்கிறவங்களுக்கு, அதை விட்டு நல்லா தள்ளிப் போயிடணும். வடசென்னைல காசிமேட்டுலேர்ந்து எண்ணூர் வரைக்கும் கடலுக்குள்ள கல்லு கொட்டி நீட்டி விட்டிருக்காங்கள்ல, அதுக்குப் பேரே தூண்டில் வளைவு, பேருக்கேத்த மாதிரி அதுமேல எப்பவும் நாலு பேரு தூண்டிலோட உக்காந்திருப்பாங்க. கல்லு இடுக்குல செப்பிலி, பாறை மீனெல்லாம் திரியும். ஆனா பாசி பிடிச்ச கல்லு வழுக்கும், பழக்கம் இல்லாதவங்க முதல் ஆறு மாசம் அந்தப் பக்கம் வேணாம்னுதான் சொல்லுவேன்.

மணல் கரையில நிக்கிறீங்கன்னா அலை எங்க உடையுதுன்னு பாருங்க. வரிசையா உடையிற அலைக்கு நடுவுல ஒரு இடத்துல மட்டும் உடையாம தண்ணி அமைதியா, கொஞ்சம் கருப்பா இருக்கும், அங்கதான் பள்ளம், அங்கதான் இரை சேரும். அதே இடத்துலதான் இழுப்பும் இருக்கும், தண்ணியில எறங்காம கரையிலேர்ந்தே போடுங்க. கரைவலை இழுக்குறாங்கன்னா அன்னிக்கு அவங்களுக்கு வழி விட்டுருங்க, அது அவங்க பொழப்பு.

அடையாறு உடைஞ்ச பாலம், எண்ணூர் முகத்துவாரம் ரெண்டும் நிறைய பேரு சொல்லுவாங்க. அடையாறு பாலம் 1977லயே இடிஞ்சு விழுந்தது, அது மேல ஏறி ரிஸ்க் எடுக்க ஒண்ணுமில்ல, ஆத்துல வர்றது ஊரு சாக்கடை. எண்ணூர்ல அனல் மின் நிலைய சாம்பல் பல வருஷமா கலந்திருக்கு, 2023 டிசம்பர் வெள்ளத்துல எண்ணெயும் சேந்துச்சு. பிடிச்சதை வீட்டுல குழம்பு வெக்கணும்னா ரெண்டையும் விட்டுருங்க. பழவேற்காடு அழகான ஊரு, ஆனா ஏரியில பறவைகள் சரணாலயம் இருக்கு, போதாததுக்கு மீனவங்களுக்குள்ள யாரு எந்த இடத்துல எந்த நாள் வலை போடணும்னு பாடு முறைன்னு ஒண்ணு தலைமுறையா இருக்கு. கேக்காம போயி நடுவுல தூண்டில் போட்டா சண்டைதான் வரும்.

கேள்வி: ஏப்ரல் 15லேர்ந்து மீன்பிடி தடைக்காலம்னு சொல்றாங்களே, கரையில தூண்டில் போடுறதும் தப்பா? (தாம்பரம் வாசகர்)

பதில்: இல்லங்க. கிழக்குக் கரையில ஜூன் 14 வரைக்கும் அந்த 61 நாள் தடை விசைப்படகுங்களுக்கு. நாட்டுப்படகே போகும், உங்க தூண்டிலுக்கு என்ன. ஆனா மீன் முட்டை போடுற காலம்னுதானே தடை வெச்சிருக்காங்க, அதனால வயிறு நிறைய சினையோட வர்றதை நீங்களா விட்டுட்டா நல்லது.

கேள்வி: கோவளத்துல என் பையன் தூண்டில்ல ஒரு மீன் மாட்டுச்சு, வெளிய எடுத்ததும் பலூன் மாதிரி உப்பிடுச்சு. இன்னொரு நாள் மீசை வெச்ச மீன் ஒண்ணு கையில குத்தி ராத்திரி பூரா அழுதான். ரெண்டும் சாப்பிடலாமா? (வேளச்சேரி வாசகி)

பதில்: உப்புனது பேத்தை. அதை சாப்பிடவே கூடாதும்மா, அதுல இருக்குற விஷம் சமைச்சாலும் போகாது, பூனைக்குக் கூட போடாதீங்க. மீசை வெச்சது கெளுத்தி, நல்ல மீன்தான், குழம்புக்கு அருமையா இருக்கும். ஆனா முதுகுல ஒண்ணு, ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணுன்னு மூணு முள்ளு, அதுலயும் விஷம் உண்டு. குத்திட்டா தாங்குற அளவுக்கு சூடான தண்ணியில கையை ஒரு மணி நேரமாவது முக்கி வெச்சா வலி கொறையும், முள்ளு உள்ள முறிஞ்சிருந்தாலோ வீக்கம் ஏறினாலோ டாக்டர்கிட்ட போயிடுங்க. அடுத்த தடவை தம்பிகிட்ட ஒரு பழைய துணியும் மூக்கு நீண்ட ப்ளையரும் குடுத்து அனுப்புங்க. பேத்தை வந்தா தூண்டில் முள்ளை எடுக்க அது வாய்க்குள்ள விரலை விடச் சொல்லாதீங்க, நரம்பையே நறுக்குற பல்லு அதுக்கு.