மழைக்காலத்தில் செப்டிக் டேங்க் நிரம்புகிறதா? கோளாறு தொட்டியில் இல்லாமல் இருக்கலாம்

கேள்வி: எங்கள் வீடு கடலுக்கு மிக அருகில் இருக்கிறது. பல வருடங்களாகத் தொல்லை தராத செப்டிக் டேங்க், இப்போது மழைக்காலம் வந்தாலே நிரம்பிவிடுகிறது. சுத்தம் செய்தாலும் ஒரு வாரம் தாங்குவதில்லை. உறிஞ்சுகுழியை இன்னும் ஆழமாகத் தோண்டச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால், ஆழப்படுத்துவது நிலைமையை மோசமாக்கும்.

செப்டிக் டேங்க் செய்வது பாதி வேலைதான். கசடு அடியில் தங்கும், எண்ணெய்ப் பிசுக்கு மேலே மிதக்கும், நடுவில் இருக்கும் நீர் உறிஞ்சுகுழிக்குப் போகும். அந்த நீரில் நோய்க்கிருமிகள் ஏராளமாக இருக்கும். அவற்றை வடிகட்டி அழிப்பது குழிக்குக் கீழே உள்ள, காற்றோட்டமான மண். அதனால்தான் குழியின் அடிப்பகுதிக்கும், மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறும் உயரத்துக்கும் நடுவே 2 முதல் 4 அடி வரை நீர் தேங்காத மண் இருக்க வேண்டும் என்பார்கள்.

கடலோரத்தில் இந்த இடைவெளிதான் குறைந்துகொண்டே வருகிறது. குழியை ஆழப்படுத்தினால் அது இன்னும் குறையும். அங்கே நிலத்தடி நன்னீர், கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் ஏறினால் அதுவும் மேலே தள்ளப்படும். 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது. கேட்பதற்குக் கொஞ்சமாகத் தெரியும். 2 அடி இடைவெளியில் அது மூன்றில் ஒரு பங்கு. கூடவே, வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் ஏறினால் காற்று ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும், அதனால் பெய்கிற மழையும் கொட்டித் தீர்க்கிறது. அமெரிக்காவின் மயாமி-டேட் கவுன்ட்டி 2018-இல் வெளியிட்ட அறிக்கை, அங்குள்ள செப்டிக் அமைப்புகளில் சுமார் 64 சதவீதம் 2040-க்குள் நிலத்தடி நீரால் பாதிக்கப்படக்கூடும் என்று கணித்தது. உங்கள் வீட்டுப் பிரச்சினை உங்கள் வீட்டோடு நிற்பதல்ல.

சரி, உங்கள் வீட்டிலும் இதுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அடுத்த முறை சுத்தம் செய்யும்போது, வெளியில் நின்றபடி டார்ச் அடித்து, உறிஞ்சுகுழிக்குப் போகும் குழாயின் வாயைப் பாருங்கள். தொட்டி நீர் அந்த வாய்க்குக் கீழே இறங்கியதும் அதன் வழியாக நீர் திரும்பி உள்ளே வழிந்தால், குழி நிறைந்துபோய்த் தள்ளுகிறது என்று பொருள். தொட்டிக்குள் மட்டும் யாரும் இறங்கக் கூடாது, தலையை நீட்டக்கூடக் கூடாது. விஷவாயு நொடியில் ஆளைச் சாய்த்துவிடும்.

இன்னும் தெளிவாகத் தெரிய, குழிக்குச் சற்றுத் தள்ளி, துளையிட்ட பிவிசி குழாய் ஒன்றைக் குழியின் அடிமட்டத்துக்கும் கீழே போகும்படி இறக்கி, மேலே மூடி போடுங்கள். வாரம் ஒருமுறை டேப்பை விட்டு நீர்மட்டத்தை அளந்து எழுதுங்கள். பெருமழைக்கு மறுநாளும், கடல் ஏற்றம் அதிகமிருக்கும் அமாவாசை, பௌர்ணமி நாட்களிலும் கட்டாயம் அளக்க வேண்டும். ஒரு மழைக்காலக் கணக்கு கையில் இருந்தால், எந்தப் பொறியாளரிடமும் தைரியமாகப் பேசலாம்.

நீர்மட்டம் ஏறியிருக்கும்போது தொட்டியை முழுதாகக் காலி செய்யாதீர்கள். காலியாகி எடை குறைந்த தொட்டியை, சுற்றியுள்ள நீர் மேலே தூக்கிவிடும், குழாய் இணைப்புகள் உடையும். பிளாஸ்டிக், ஃபைபர் தொட்டிகளுக்கு இந்த ஆபத்து அதிகம். அந்த நாட்களில் துணி துவைப்பதைத் தள்ளிப்போட்டு, தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிப்பதே சரி. கூரைத் தண்ணீரையும் குழிப் பக்கம் விடாதீர்கள்.

நிரந்தரத் தீர்வு என்று பார்த்தால், பொதுச் சாக்கடை இணைப்பு கிடைக்குமென்றால் அதையே எடுத்துவிடுங்கள். கிடைக்காவிட்டால், தரைக்கு மேலே மணல் மேடு அமைத்து, கழிவுநீரைப் பம்பு மூலம் அதில் பரப்பலாம். செலவும் இடமும் பிடிக்கும், ஆனால் இழந்த இடைவெளியை அது திருப்பித் தரும். பம்பின் மின் இணைப்பு வெள்ளம் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். கான்கிரீட் தொட்டியாக இருந்தால் உப்புநீர் உள்ளிருக்கும் கம்பியை அரித்திருக்கலாம், வெடிப்பு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம், வீட்டில் கிணறோ போர்வெல்லோ இருந்தால், மேலே சொன்ன எதற்கும் முன்னால் அந்த நீரை ஈ.கோலை (மலம் கலந்திருப்பதைக் காட்டும் கிருமி), நைட்ரேட் இரண்டுக்கும் பரிசோதனை செய்யுங்கள். முடிவு வரும்வரை குடிக்க வேறு தண்ணீர் எடுங்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. கைக்குழந்தைக்குப் பால் கலக்க அந்த நீரைத் தொடவே வேண்டாம்.