பச்சைக்கல் வாங்குமுன்: சில கேள்விகளும் பதில்களும்

கண்டியில் கல் பதிக்கும் பட்டறை ஒன்றில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில், மரகதம் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு விடை எழுதுகிறேன். எந்த ராசிக்கு எந்தக் கல் என்ற கேள்விகளை விட்டுவிட்டேன். அது என் தொழில் இல்லை.

ஹட்டன்: பொகவந்தலாவைப் பக்கத்து ஆற்றில் எடுத்த மரகதம் என்று ஒருவர் பட்டை தீட்டாத கல்லை மலிவாகத் தருகிறார். வாங்கலாமா ஐயா?

மரகதம் என்று நம்பி வாங்க வேண்டாம். நம் நாட்டு மண்ணில் நீலமும் புஷ்பராகமும் வைடூரியமும் கிடைக்கின்றன. மரகதத்துக்கென்று இங்கே சுரங்கத் தொழில் கிடையாது. கடைகளுக்கு வருபவை கொலம்பியா, சாம்பியா, பிரேசில் போன்ற நாடுகளில் எடுக்கப்பட்டவை. மலிவான கற்களில் பல ஜெய்ப்பூரில் பட்டை தீட்டப்பட்டு வருகின்றன. ஆற்றில் கிடைத்த கல் பச்சையாக இருந்தால் அது டூர்மலினாகவோ, சிர்கோனாகவோ, பச்சை நிறச் சஃபயராகவோ இருக்கலாம். தண்ணீரில் உருண்டு தேய்ந்த போத்தல் துண்டையும் இப்படி என்னிடம் கொண்டுவந்திருக்கிறார்கள்.

பதுளை: சீட்டுப் பணத்தில் மகளுக்கு மரகத மோதிரம் செய்ய நினைக்கிறேன். அவள் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

மோதிரத்தை விடத் தோடு நல்லது, அம்மா. மரகதத்தின் கடினம், கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவில் 7.5 முதல் 8 வரை என்றாலும், அதனுள் இயல்பாகவே வெடிப்புகள் நிறைந்திருப்பதால், ஓர் அடி பட்டால் மூலை தெறித்துவிடும். நாள் முழுக்கச் செடியிலும் கூடையிலும் உரசும் கைக்கு அது ஏற்றதன்று. மோதிரமே வேண்டுமென்றால், கல்லைச் சுற்றிப் பொன் விளிம்பு கட்டித் தரச் சொல்லுங்கள். நாலு கொக்கி மட்டும் பிடித்திருக்கும் வேலை வேண்டாம்.

கல் பெரிதாகப் பெரிதாக ஒரு கரட்டின் (இது கல்லின் எடை அளவு, பொன்னின் தரமன்று) விலையே ஏறுகிறது. ஆகவே ஒரே தரத்தில் ஒரு கரட் கல் ஒன்றின் விலைக்குக் கால் கரட் கற்கள் நாலுக்கு மேலேயே வாங்கலாம். குறைந்த பணத்தில் மாசற்ற பெரிய கல்லைத் தேடாதீர்கள். அந்த விலைக்கு அப்படி ஒன்று கிடைத்தால் முதலில் சந்தேகப்படுங்கள். உள்ளே பாசி படர்ந்தாற்போல் தெரியும் கோடுகள் இருக்கட்டும். மேற்பரப்பை எட்டும் வெடிப்பு, அதுவும் மூலையில், இருந்தால் மட்டும் ஒதுக்கிவிடுங்கள்.

இன்னொன்று: நகையை நிறுக்கும்போது கல்லின் எடையைக் கழித்துத்தான் பொன்னுக்கு விலை போட வேண்டும். ஐந்து கரட் ஒரு கிராம். இதைக் கேட்டு வாங்க வெட்கப்பட வேண்டியதில்லை.

நாவலப்பிட்டி: பாலில் போட்டால் பால் பச்சையாகத் தெரிவதே நல்ல மரகதம் என்கிறார்களே?

பச்சைக் கண்ணாடியைப் போட்டாலும் அப்படித்தான் தெரியும். கல்லை எடுத்த பிறகும் பால் பச்சையாகவே இருந்தால், சாயம் ஏற்றிய கல் என்று அறியலாம். அந்த அளவுக்கு மட்டும் பால் உதவும்.

மாத்தளை: கட்டாத கல் ஒன்று இருக்கிறது. வீட்டிலேயே சோதிக்க வழி உண்டா?

உண்டு. ஒரு சிறிய மின் தராசும் நூலும் ஒரு குவளைத் தண்ணீரும் போதும். முதலில் கல்லை உலர்ந்த நிலையில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு குவளையைத் தராசில் வைத்து அளவைச் சுழியமாக்கி, மெல்லிய நூலில் கட்டிய கல்லை அடியிலும் பக்கத்திலும் படாமல், முழுவதும் மூழ்கும்படி பிடியுங்கள். தராசு இப்போது காட்டுவது கல் விலக்கிய தண்ணீரின் எடை. உலர்ந்த எடையை அதனால் வகுக்க வேண்டும். 0.68 கிராம் கல், தண்ணீரில் 0.25 காட்டினால் விடை 2.72, மரகதத்துக்கு அதுவே பொருத்தமான எண். டூர்மலின் 3.06 அளவிலும், பெரிடொட் 3.3 அளவிலும், சஃபயர் 4 அளவிலும் வரும். கல்லில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் கணக்குப் பிழைக்கும். தண்ணீரில் ஒரு சொட்டு சவர்க்காரம் விடுங்கள். ஒரு கரட்டுக்குக் குறைந்த கல்லுக்கு இந்தத் தராசு போதாது.

இதில் வேண்டாத கல்லைத் தள்ளலாம், நல்லதை உறுதி செய்ய முடியாது. பச்சைச் சாயமேற்றிய குவாட்ஸ் 2.65; ஆய்வுகூடத்தில் வளர்த்த மரகதமும் ஏறக்குறைய அதே எண்ணில்தான் நிற்கும்.

பண்டாரவளை: கடைக்காரர் ஒரு கண்ணாடி வழியே கல்லைக் காட்டி, சிவப்பாகத் தெரிவதால் அசல் என்றார். சரியா?

அது செல்சி பில்டர். 1934 இல் இலண்டனில் வந்தது. குரோமியம் உள்ள மரகதம் அதில் சிவக்கும் என்பது உண்மைதான். ஆனால் செயற்கை மரகதம் இன்னும் நன்றாகச் சிவக்கிறது. இரும்பு கூடிய சாம்பியக் கல் சிவக்காமலும் இருக்கும். அவர் அறிந்து சொன்னாரோ அறியாமல் சொன்னாரோ, அதை வைத்துப் பணம் கொடுக்காதீர்கள்.

நுவரெலியா: என் கல்லில் எண்ணெய் ஏற்றியிருப்பதாகப் பத்தர் சொல்கிறார். ஏமாந்துவிட்டேனா?

சொல்லி விற்றிருந்தால் ஏமாற்றமில்லை. விற்பனைக்கு வரும் மரகதங்களில் மிகப் பெரும்பாலானவற்றின் வெடிப்புகளில் நிறமற்ற எண்ணெயோ பிசினோ ஏற்றப்பட்டிருக்கும். பச்சை எண்ணெய் ஏற்றி நிறத்தைக் கூட்டுவதுதான் மோசடி. இளஞ்சூட்டு நீரும் மென்மையான சவர்க்காரமும் கொண்டு கழுவுங்கள். கொதிநீர், சோடா, கடைகளில் உள்ள அதிர்வுத் தொட்டி எதுவும் வேண்டாம். மோதிரத்தைப் பொடி வைத்து நெருப்பில் ஒட்டும்போது கல்லைக் கழற்றச் சொல்லுங்கள். நெருப்புப் பட்ட கல்லில் எண்ணெய் வெளியேறி, மறைந்திருந்த வெடிப்புகள் வெள்ளையாக எழுந்து நிற்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தலவாக்கலை: பாட்டியின் தோட்டில் கல்லின் பின்புறம் மூடியிருக்கிறது. விற்றால் மரகதத்துக்கு விலை தருவார்களா?

அடகுக்கோ பழைய நகை விலைக்கோ கொடுத்தால் கல்லின் எடையைக் கழித்துவிட்டுப் பொன்னுக்கே பணம் எண்ணுவார்கள். பின்புறத்தை மூடிக் கட்டும்போது கல்லுக்கு அடியில் நிறத் தகடு வைக்கும் வழக்கம் உண்டு. அப்போது வெளிறிய கல்லும் கண்ணாடியும் கூட அடர்பச்சையாகத் தெரியும். நம்பிக்கையான பத்தரிடம் ஒரு கல்லை மட்டும் கழற்றி, தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையின் பரிசோதனைக் கூடத்தில் காட்டுங்கள். சபையின் அறிக்கையில் கல்லின் பெயரோடு, அது இயற்கையா செயற்கையா என்ற வரியையும் படித்துப் பாருங்கள். அதற்கு முன் விற்க அவசரம் வேண்டாம்.